கொட்டாவி விடும் ஆந்தையும் கோட்டு அணிந்த வாடிக்கையாளரும்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை திறமூல மென்பொருள் (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் திறந்துவைத்த மென்பொருள்) குழு ஒன்றிலிருந்து வந்த நீண்ட கடிதமும், அதே பொருளை ஒட்டி வேறு வாசகர்கள் தனித்தனியே அனுப்பிய கேள்விகளும் கையில் இருந்தமையால், பகுதி முழுவதையும் லோகோ மாற்றம் என்ற ஒன்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கேள்விகளைச் சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.

கோப்புகளை இரவில் தானாகவே காப்புப் பிரதி எடுத்து வைக்கும் திறமூல மென்பொருள் ஒன்றை நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து பராமரித்து வருகிறோம். தூக்கக் குல்லாய் அணிந்து கொட்டாவி விடும் ஆந்தைதான் எங்கள் லோகோ. ஒரு பெரிய நிறுவனத்தில் பணிபுரியும் பொறியாளர் எங்கள் மென்பொருளைத் தம் மேலாளர்களுக்கு அறிமுகப்படுத்தியபோது, முதல் ஸ்லைடில் ஆந்தையைக் கண்டதும் அறையில் சிரிப்பலை எழுந்ததாம். லோகோவை மாற்றினால்தான் நிறுவனங்கள் வரும் என்கிறது எங்களில் ஒரு தரப்பு. அது கார்ப்பரேட்டுகளுக்கு விலைபோவது என்கிறது மறுதரப்பு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு அறையில் என்ன கேட்கப்பட்டது என்று அந்தப் பொறியாளரிடம் விசாரித்தீர்களா? உங்கள் கடிதத்தில் அந்த விவரம் இல்லை. எனக்கோ அதுதான் முதலில் தெரிய வேண்டும். 'பழுது வந்தால் யாரைக் கூப்பிடுவது, உரிமம் என்ன, அடுத்த ஆண்டும் இதை யாராவது பராமரிப்பார்களா' என்று கேட்டு, அவற்றுக்குப் பதில் கிடைக்காமல் கூட்டம் கலைந்திருந்தால், ஆந்தையின் இடத்தில் பொற்சிங்கத்தை வைத்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

கார்ட்டூன் என்பதாலேயே நிறுவனங்கள் விலகிவிடுகின்றன என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. லினக்ஸ் இயக்குதளத்தின் பென்குயினை எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைய மீன் தின்றுவிட்டு நிறைவாக உட்கார்ந்திருக்கும் பென்குயின் வேண்டும் என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் விருப்பம்; 1996-ல் லாரி யூயிங் அதைக் கிம்ப் என்ற பட மென்பொருளில் வரைந்தார். அதைவிட விளையாட்டுத்தனமான உருவம் வேண்டுமா? ஆனால் உலகின் சர்வர்களில் பெரும்பகுதி அந்தத் தொந்திப் பறவையின் கீழ்தான் ஓடுகிறது. தரவுத்தளங்களான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு யானை, மைஎஸ்கியூஎல்லுக்கு டால்ஃபின், நிரல்களைப் பொதிந்து இயக்கும் டாக்கருக்குத் திமிங்கலம் என்று பெருநிறுவனங்களின் தரவு மையங்களுக்குள் ஒரு மிருகக்காட்சிசாலையே இயங்குகிறது. எந்தக் கணக்குப் பிரிவும் அதற்காகப் பணத்தை நிறுத்தியதில்லை. மறுபக்கமும் உண்டு. இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லை அதன் லோகோவுக்காக எந்த நிறுவனமும் தேர்ந்தெடுக்கவில்லை. இணையத்தின் பெரும்பகுதி அதை நம்பியிருந்தது, அவ்வளவுதான். 2014 ஏப்ரலில் அதில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, இரத்தம் வடியும் இதயம் ஒன்றை அந்த ஓட்டைக்கே லோகோவாக வரைந்தார்கள். மென்பொருளின் லோகோவை அறியாதவர்களும் அதன் ஓட்டையின் லோகோவை அறிந்துகொண்டார்கள்.

லோகோவால் ஒன்றும் ஆகாது என்று இதற்குப் பொருளல்ல. நிறுவனங்களை அழைத்துவரும் வலிமை அதற்குக் கிடையாது. வந்தவர்களின் மனத்தில் தேவையற்ற ஐயத்தைக் கிளப்பும் வலிமை நிச்சயமாக உண்டு. உங்கள் ஆந்தையிடம் நான் காணும் குறை அது கார்ட்டூனாக இருப்பதன்று. அது கொட்டாவி விடுவது. 'நீங்கள் தூங்குங்கள், உங்கள் கோப்புகளை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதுதான் வரைந்தவரின் கருத்தாக இருந்திருக்கும். ஆனால் குல்லாய் அணிந்து தூங்கப் போவது பயனரல்ல, ஆந்தை! இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய காவல்காரன் வாசலிலேயே கொட்டாவி விட்டால் வீட்டுக்காரருக்கு என்ன தோன்றுமோ, அதுதான் அந்த மேலாளர்களுக்கும் தோன்றியிருக்கும். ஒன்பது பத்து ஆண்டுகள் கூடவே வாழ்ந்த உங்களுக்கு அது தெரியாமல் போனது இயல்பே.

இனி, முன்னால் நடந்தவர்களின் வழியைப் பாருங்கள். பிஎஸ்டி இயக்குதளக் குடும்பத்தின் பழைய உருவம், கையில் சூலமும் காலில் விளையாட்டுக் காலணியுமாகச் சிரிக்கும் சிவப்புக் குட்டிச்சாத்தான். பிஎஸ்டியின் மூலமான யுனிக்ஸ் இயக்குதள உலகில் 'டீமன்' என்பது பின்னணியில் ஓசையின்றி ஓடும் நிரல். அந்தச் சிலேடையை அறிந்தவர்களுக்கு அது வேடிக்கை, அறியாதவர்களுக்கு வெறும் பிசாசு. ஃப்ரீபிஎஸ்டி குழு 2005-ல் போட்டி நடத்திப் புதிய லோகோவைத் தேர்ந்தெடுத்தது: பளபளக்கும் சிவப்பு உருண்டை, அதன் உச்சியில் இரண்டு கொம்புகள். முகம், வால், சூலம் எல்லாம் போய்விட்டன. ஆனால் கொம்பைப் பார்த்த பழையவர்களுக்கு அது யார் என்று தெரிந்தது. குட்டிச்சாத்தானை அவர்கள் துரத்திவிடவும் இல்லை. திட்டத்தின் செல்ல உருவமாக அது இன்றும் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டில் நெட்பிஎஸ்டியும் இதே வேலையைச் செய்தது. சாத்தான்கள் கூடிக் கொடி நடுவதாக இருந்த பழைய படம் சிறிதாக்கினால் குழம்பியது, அச்சில் கெட்டது. போர்க்களப் புகைப்படம் ஒன்றை நினைவூட்டிச் சிலரைப் புண்படுத்தவும் செய்தது. புதிய லோகோவில் கொடி மட்டும் மிஞ்சியது. கோ என்ற நிரலாக்க மொழிக்கு 2018-ல் சாய்ந்த எழுத்துகளும் வேகக் கோடுகளுமான தனி லோகோ வந்தபோதும், ரெனே ஃபிரெஞ்ச் வரைந்த கோஃபர் என்ற கொறிணி வேலையை இழக்கவில்லை. ஸ்டிக்கரிலும் பொம்மையிலும் முன்பைவிட மும்முரமாகத் திரிகிறது.

ஆகவே உங்கள் இரு தரப்பாரும் ஒரே பொருளுக்காகச் சண்டையிடவில்லை என்பது என் எண்ணம். ஒரு தரப்பு லோகோவைப் பற்றிப் பேசுகிறது. மறுதரப்பு செல்ல உருவத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒன்பது ஆண்டுகளாக ஒரே ஆந்தை இரண்டு வேலையையும் பார்த்ததால் இரண்டும் ஒன்றெனத் தோன்றுகிறது. அதை வேலையை விட்டு நீக்க வேண்டாம். ஒரு வேலையிலிருந்து விடுவியுங்கள். இருளில் திறந்திருக்கும் இரண்டு வட்டக் கண்களை மட்டும் எடுத்து லோகோவாக்கினால், விழித்திருக்கும் காவல் என்ற பொருளும் வந்துவிடும், ஆந்தையின் வாரிசு என்பதும் புரியும். குல்லாய் டி-ஷர்ட்டில் இருக்கட்டும்.

விலைபோவது என்ற குற்றச்சாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உரிமத்தை மூடுவதும், இலவசமாக இருந்த வசதியைப் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்று ஆக்குவதும் விலைபோவதாகலாம். கொட்டாவியை நிறுத்துவது அந்தப் பட்டியலில் சேராது.

எங்கள் திட்டத்தின் லோகோவை வரைந்தவர் பல ஆண்டுகளுக்கு முன்பே குழுவை விட்டுப் போய்விட்டார். மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. மென்பொருளே திறமூலம் என்னும்போது, லோகோவையும் நாங்கள் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. பெருநிறுவனங்களைக் கவர வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடமும் இதுதான். ஏனெனில் நிறுவனத்தின் சட்டப் பிரிவு பார்ப்பது லோகோவின் அழகை அல்ல, அது யாருடையது என்பதைத்தான்.

இங்கே இரண்டு உரிமைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வரைந்தவருடையது. அந்தப் படத்தைத் திட்டத்தின் அடையாளமாகப் பயன்படுத்தும் உரிமை டிரேட்மார்க் (வணிகக்குறி) என்ற வேறு சட்டத்தின்கீழ் வருகிறது. நிரலுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் உரிமம் இரண்டாவதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. அப்பாச்சி உரிமத்தின் 2.0 பதிப்பில் 6-ஆம் பிரிவு, பெயரையும் வணிகக்குறியையும் பயன்படுத்த இந்த உரிமம் அனுமதி தரவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. முதலாவதைப் பொறுத்தவரை, படக் கோப்பு எந்த நாளில், யார் கையால், எந்த உரிமத்தின்கீழ் திட்டத்தின் கோப்புக் களஞ்சியத்துக்குள் வந்தது என்பதை, மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றில் தேடுங்கள். வரைந்தவரே அதைத் திட்டத்தின் உரிமத்தின்கீழ் சேர்த்திருந்தால் உங்கள் நிலை வலுவானது. 'அழகாக இருந்தது, எடுத்துப் போட்டோம்' என்று யாரோ சேர்த்திருந்தால், புதிதாக வரைவதே நல்லது. பழையதிலிருந்து கருத்தை எடுக்கலாம், வரைந்த கோடுகளை எடுக்காதீர்கள்.

முன்னோர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பது சுவையானது. பென்குயினை வரைந்த யூயிங், யாராவது கேட்டால் தம் பெயரையும் கிம்ப்பையும் சொன்னால் போதும், எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று ஒரு வரியில் அனுமதி தந்துவிட்டார். அந்த ஒரு வரி இத்தனை ஆண்டுகளாகப் பென்குயினுக்கு அரணாக இருக்கிறது. பிஎஸ்டி குட்டிச்சாத்தானின் பதிப்புரிமையோ மார்ஷல் கர்க் மெக்குசிக் என்ற தனிமனிதரிடம் இருக்கிறது; அதை வணிகப் பொருளில் அச்சிட விரும்புகிறவர்கள் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். தன் விற்பனைப் பொருளின்மேல் திட்டத்தின் லோகோவைப் போட விரும்பும் நிறுவனத்துக்கு, லோகோ திட்டத்தின் கையிலேயே இருப்பது எவ்வளவு எளிது என்று பாருங்கள்.

பெயரை மறந்துவிட்டால் வரும் வினையும் உண்டு. 1990-களின் நடுவில் 'லினக்ஸ்' என்ற சொல்லை அமெரிக்காவில் தொடர்பே இல்லாத ஒருவர் தம் பெயரில் டிரேட்மார்க்காகப் பதிவு செய்துகொண்டு நிறுவனங்களிடம் பங்கு கேட்கத் தொடங்கினார். வழக்கு நடந்து 1997-ல்தான் அது டோர்வால்ட்ஸிடம் வந்து சேர்ந்தது. எதிர்த் திசையில், பிடியை இறுக்கினாலும் சிக்கல்தான். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் லோகோ கட்டற்ற உரிமத்தில் இல்லாததால் லினக்ஸ் வழங்கலான டெபியன் அந்த லோகோவை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. பெயரும் லோகோவும் சேர்ந்தேதான் வர வேண்டும், மாற்றங்களுக்கும் ஒப்புதல் பெற வேண்டும் என்று ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா 2006-ல் வற்புறுத்தியது. டெபியன் அந்த உலாவிக்கு ஐஸ்வீசல் என்று பெயர் சூட்டிக்கொண்டது. சமரசம் ஏற்பட 2016 ஆயிற்று. ஒரு நரிப் படத்துக்காகப் பத்து ஆண்டுகள்!

புதிய லோகோ வரும் நாளிலேயே, யார் எதற்குக் கேட்காமல் பயன்படுத்தலாம், எதற்குக் கேட்க வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் மனிதர் பேசும் மொழியில் எழுதி வையுங்கள். டெபியன் தன் சுழி வடிவ லோகோவை எல்லோருக்கும் திறந்துவிட்டு, அதிகாரபூர்வப் பயன்பாட்டுக்கென்று வேறொன்றைத் தனியே வைத்திருந்த முறை கவனிக்கத்தக்கது.

போட்டி வைத்து லோகோவைத் தேர்ந்தெடுக்கலாமா, வடிவமைப்பாளர் ஒருவரை அமர்த்தலாமா?

ஃப்ரீபிஎஸ்டிக்குப் போட்டி கைகொடுத்தது என்று மேலே எழுதிய நானே, போட்டி வேண்டாம் என்று சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சில ஆண்டுகள் உதவிவந்த சிறிய திட்டம் ஒன்றில் போட்டி வைத்தோம். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. சிறகு விரித்த பறவை ஒன்று பெரும்பான்மை வாக்கில் வென்றது. எனக்கும் அதுவே பிடித்திருந்தது. வலைத்தளத்தை மாற்றி, ஆவணங்களை மாற்றி, ஸ்டிக்கர்களை அச்சுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, ஒரு பயனர் இரண்டு படங்களை அருகருகே வைத்து அனுப்பினார். ஒன்று எங்கள் பறவை. மற்றொன்று, பணம் கொடுத்து வாங்க வேண்டிய படத் தொகுப்பிலிருந்த பறவை. வலச் சிறகின் மூன்றாவது இறகில் ஒரு சிறிய பிசிறு இருந்தது. இரண்டிலும் அதே இடத்தில், அதே அளவில். அதற்கு மேல் வாதிட என்ன இருக்கிறது? ஆறு வாரத்தில் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றோம். வரைந்தவர் கல்லூரி மாணவர். அந்தத் தொகுப்பிலிருந்து எடுப்பது தவறு என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தவறு எங்களுடையது. 'இது உன் சொந்தக் கை வேலைதானா, எழுத்துரு எங்கிருந்து வந்தது' என்று நாங்கள் கேட்கவே இல்லை.

போட்டியின் ஆழமான குறை இதுவன்று. வடிவமைப்பாளரின் உழைப்பில் பாதி, கேள்வி கேட்பதில் கழிகிறது: இந்த மென்பொருளை யார் திறக்கிறார்கள், எந்தத் திரையில், அவருக்கு என்ன பயம்? போட்டியில் கலந்துகொள்கிறவருக்கு அந்த உரையாடல் வாய்ப்பதில்லை. அவர் பெயரைப் படிக்கிறார், படத்தை வரைகிறார். பெயர் ஆந்தை என்றால் நாற்பது ஆந்தைகள் வரும். கிட் மென்பொருளின் லோகோவில் கிளை பிரியும் கோடும் முடிச்சுகளும் இருக்கின்றனவே, அது அந்த மென்பொருளின் உள்வேலையையே காட்டுகிறது. 2016-ல் மாறிய கர்ல் லோகோவில், இணைய முகவரிகளில் வரும் முக்காற்புள்ளியும் இரட்டைச் சாய்கோடும் எழுத்துகளோடு சேர்ந்து நிற்கின்றன. முகவரியைக் கொடுத்தால் கொண்டுவந்து தரும் கருவிக்கு அதைவிடப் பொருத்தமான அடையாளம் இல்லை. இத்தகைய எண்ணம் பேச்சில் பிறப்பது, வாக்கெடுப்பில் பிறப்பதன்று.

பணம் இல்லை என்பீர்கள். திறமூலத் திட்டங்களுக்கு உதவ விரும்பும் வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். நிரலாளருக்குக் கொடுக்கும் மரியாதையை அவர்களுக்கும் கொடுத்தால் வருவார்கள். பங்களிப்பாளர் பட்டியலில் பெயர், முடிவெடுக்கும் கூட்டத்தில் இடம், 'அந்த நீலத்தை இன்னும் கொஞ்சம் நீலமாக்குங்கள்' என்று இருபது பேர் இருபது திசையில் இழுக்காமல் பதில் சொல்ல ஒரே ஆள்: இவற்றை உறுதி செய்யுங்கள். எழுத்துருவுக்கு எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் போன்ற ஒன்றில் வெளிவந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பின்னால் வேறொருவர் பதாகை செய்யும்போது எழுத்துருவுக்காக அலைய வேண்டியிராது.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் லோகோ வந்துவிடுகிறதே?

வருகிறது. மனிதர் கை படாமல் இயந்திரமே உருவாக்கிய படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 மார்ச்சில் உறுதி செய்தது. டிரேட்மார்க் பயன்பாட்டைச் சார்ந்தது என்பதால் அந்தக் கதவு மூடப்படவில்லை. இருந்தாலும் 'இதன் உரிமையாளர் யார்' என்ற கேள்வியோடு வரும் சட்டப் பிரிவிடம் இந்த விளக்கத்தையெல்லாம் நீங்கள் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எண்ணங்களைத் தேடும் கட்டத்தில் பயன்படுத்துங்கள். இறுதிக் கோட்டை ஒரு மனிதர் போடட்டும்.

நிறம், வடிவம் ஆகியவற்றில் நிறுவனங்கள் எதிர்பார்ப்பது என்ன? நீலம்தான் நம்பிக்கையின் நிறம் என்கிறார்களே?

நீலம் நம்பிக்கையின் நிறம் என்று எல்லோரும் நம்பியதால், இன்று நீல அறுகோணங்களின் கூட்டத்தில் எது எதுவென்று அடையாளம் தெரியவில்லை. நிறத்தைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்.

நிறுவனத்துக்குள் உங்கள் லோகோ எங்கெல்லாம் போய் உட்காரும் என்று எண்ணிப் பாருங்கள். கட்டமைப்பு வரைபடத்தில், முப்பது பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெட்டியின் மூலையில். கறுப்பு வெள்ளையில் அச்சான மதிப்பீட்டு அறிக்கையில். பிறர் லோகோக்களோடு ஒரே வரிசையில், எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிய ஸ்லைடில். உலாவித் தாவலின் ஓரத்தில். தாவலில் இருப்பது 16 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரம், ஆக 256 கட்டங்கள். ஒரு கட்டத்தாளை எடுத்து அத்தனை கட்டங்களுக்குள் உங்கள் ஆந்தையை நிரப்பிப் பாருங்கள். குல்லாயின் குஞ்சம் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாது. அலகும் திறந்த வாயும் சேர்ந்து ஒரு பழுப்புக் கறையாகும். இறகுகளின் நிழல் மங்கி, உடல் முழுவதும் உருளைக்கிழங்கு போலத் தோன்றும். கண்கள் மட்டும் தப்பிக்கும். கண்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று மேலே நான் சொன்னதற்குப் பாதிக் காரணம் பொருள், பாதிக் காரணம் இந்தக் கட்டத்தாள்.

ஒரே நிறத்தில், நிழலோ நிறச்சாய்வோ இன்றி, லோகோ நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். நிரலாளர்களில் பலர் இருண்ட திரையில் வாழ்கிறார்கள், வெள்ளைச் சதுரத்தோடு வரும் லோகோ அங்கே இரவில் எரியும் குழல்விளக்குப் போல் கண்ணைக் குத்தும். சிவப்பையும் பச்சையையும் வைத்து மட்டும் பொருள் சொல்லாதீர்கள். நிறக் குறைபாடு ஐரோப்பிய வழி ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருக்கிறது. வலைத்தள அணுகல் நெறிகளான டபிள்யூசிஏஜி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 என்ற வேறுபாட்டைக் கேட்கிறது. லோகோவுக்கு அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கை நம்பாமலிருப்பதே நல்லது.

கோப்புகளை, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி வடிவில் கொடுங்கள். எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிய ஒன்றும், மாற்றாத மூலக் கோப்பும் தனித்தனியே இருக்கட்டும். படுக்கை வடிவம், சதுர வடிவம், ஒற்றை நிற வடிவம் ஆகிய மூன்றும் இருந்தால் ஸ்லைடு தயாரிப்பவர் உங்கள் லோகோவை இழுத்து நீட்ட மாட்டார். நீட்டுவார்கள், குறைவாக நீட்டுவார்கள்.

புதிய லோகோவை அறிவித்தவுடன் பழைய பயனர்கள் கொதித்தெழுந்துவிடுகிறார்கள். அதைத் தவிர்ப்பது எப்படி?

முழுவதும் தவிர்க்க முடியாது. பல ஆண்டுகள் மடிக்கணினியின் மூடியில் ஒட்டிவைத்திருந்த ஒன்றை மாற்றினால் மனிதருக்குக் கோபம் வரத்தான் செய்யும். வராவிட்டால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். தவிர்க்கக்கூடியது, 'எங்களிடம் கேட்கவே இல்லை' என்ற கோபம்.

மொசில்லா 2016-ல் தன் அடையாளத்தை மாற்றியபோது ஏழு வடிவமைப்புப் பாதைகளை முடிவெடுப்பதற்கு முன்பே பொதுவில் வைத்து, வசைகளையும் வாங்கிக்கொண்டு, 2017 ஜனவரியில் முடிவை அறிவித்தது. எல்லோருக்கும் அது பிடித்துவிடவில்லை. ஆனால் ஏன் இப்படி ஆயிற்று என்பதை வேண்டியவர்கள் தொடக்கத்திலிருந்தே பின்தொடர முடிந்தது. ரஸ்ட் என்ற நிரலாக்க மொழியின் அறக்கட்டளை 2023 ஏப்ரலில் பெயரையும் லோகோவையும் பயன்படுத்துவதற்கான வரைவு விதிகளைக் கருத்துக் கேட்பதற்காக வெளியிட்டபோது எழுந்த எதிர்ப்பு, அது வரைவு என்பதையே மறக்கடித்துவிட்டது. வெகுகாலம் உள்ளுக்குள் பேசிவிட்டு, ஏறக்குறைய முழுமையான ஆவணத்தைக் கொண்டுவந்து கருத்துக் கேட்டால், கேட்பவர் காதில் அது தீர்ப்பாகவே விழும்.

ஆகவே படத்தைக் காட்டுவதற்கு முன் பிரச்சினையைக் காட்டுங்கள். 16 பிக்சலில் உருளைக்கிழங்காகிப் போன ஆந்தையை முதலில் எல்லோரும் பார்க்கட்டும். 'இதைச் சரிசெய்ய வேண்டும், இன்னார் பொறுப்பு, இந்த நாளில் முடிவு' என்று சொல்லுங்கள். கருத்தைக் கேளுங்கள், வாக்கைக் கேட்காதீர்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதல் நாளே சொல்லிவிட்டால் பின்னால் வருத்தம் குறையும். பழைய படத்தை வரைந்தவருக்குத் தனியே முன்கூட்டியே எழுதுங்கள். அறிவிப்பில் அவர் பெயர் முதல் பத்தியிலேயே வரட்டும். 'நவீனமான, துடிப்பான, எதிர்காலத்தை நோக்கிய' என்ற சொற்கள் எங்கும் வர வேண்டாம். நிரலாளர்கள் அவற்றைக் கண்டாலே பாதியில் மூடிவிடுவார்கள்.

லோகோவைத் தவிர நிறுவனங்கள் வேறு எதைப் பார்க்கின்றன?

உரிமக் கோப்பு தெளிவாக இருக்கிறதா, பாதுகாப்பு ஓட்டையைக் கண்டால் யாருக்கு இரகசியமாகத் தெரிவிப்பது என்று எழுதியிருக்கிறதா, கடைசி வெளியீடு எப்போது, பராமரிப்பவர் ஒரே ஒருவரா என்பவற்றைப் பார்க்கின்றன. ஹார்ட்பிளீட் தந்த அதிர்ச்சியில் லினக்ஸ் அறக்கட்டளை 2014-ல் தொடங்கிய முயற்சியிலிருந்து வந்த பெஸ்ட் பிராக்டிசஸ் பேட்ஜ் என்ற சான்றுப் பட்டியல் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அதை நிரப்பிப் பார்த்தால் உங்கள் ஓட்டைகள் உங்களுக்கே தெரியும். வடிவமைப்பாளர் லோகோவில் ஈடுபட்டிருக்கும் வாரங்களில் மற்றவர்கள் இதை முடித்துவிடலாம்.

பழைய லோகோ போட்ட நானூறு ஸ்டிக்கர்கள் மீதி இருக்கின்றன. பழைய படக் கோப்புகளை நீக்கிவிடலாமா?

ஸ்டிக்கர்களை அடுத்த சந்திப்பிலேயே கொடுத்துவிடுங்கள். மாற்றம் வருகிறது என்று தெரிந்தால் அவை ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கோப்புகளை நீக்காதீர்கள். பிறர் எழுதிய பயிற்சிக் குறிப்புகளும், லினக்ஸ் வழங்கல்களின் தொகுப்புகளும் அந்தப் பழைய முகவரியிலிருந்தே படத்தை எடுத்துக்கொண்டிருக்கும். நீக்கினால் உடைந்த படச் சதுரம்தான் உங்கள் புதிய லோகோவாகத் தெரியும். பழைய முகவரியில் புதிய படத்தை வைத்துவிட்டு, ஆந்தையைத் தேதியோடும் வரைந்தவர் பெயரோடும் தனி அடைவு ஒன்றுக்கு மாற்றுங்கள். வலைத்தளத்தின் தாவல் ஐகானை மாற்றியபின் உங்கள் உலாவியில் பல நாள்கள் பழையதே தெரிந்தால் பதற வேண்டாம். உலாவிகள் அந்த ஐகானைச் சேமித்து வைத்துக்கொண்டு எளிதில் விடுவதில்லை.